இடக் கையே உத்தமம்

சென்னையில் சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. அது சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. பயமெல்லாம் ஓரமாக, பரம சாதுவாக நிற்கும் காரைக் கண்டுதான்! காய்கறி வாங்க நிறுத்திய கார். படீரென்று வலப்பக்கக் கதவு திறக்கிறது. சைக்கிள்காரர் என்ன செய்வார்? கதவில் மோத வேண்டும். இல்லையேல் சட்டென்று விலகி, பின்னால் வரும் பஸ்ஸின் முன்னே போய் விழ வேண்டும்.

இதற்கு ஹாலந்து தேசத்தார் காலணாச் செலவில்லாத ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கதவை ஒட்டிய கையால் திறக்காமல், மறு கையால் திறப்பது. வலப்பக்கக் கதவுக்கு இடக் கை. இடப்பக்கக் கதவுக்கு வலக் கை. கை குறுக்கே நீளும்போது உடம்பு தானே திரும்புகிறது. பின்னால் வருகிறவர் கண்ணில் பட்டுவிடுகிறார். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்திலும் 2022-ல் இந்த யோசனை ஏறிவிட்டது.

இடக் கையால் எதையும் செய்யாதே என்பாள் பாட்டி. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவளிடம் உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சைக்கிளில் வருவது உங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடும் பையனாக இருக்கலாம். சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கும் இன்றே பழக்கிவிடுங்கள், சகோதரிகளே!