சொகுசு சைக்கிளுக்கு ராஜமரியாதை! கேரியர் சைக்கிளுக்கு?

சென்னை நகரில் சைக்கிள் பெருகி வருகிறது!

நம்பாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்கு அடையாறு பக்கம் போய் நின்று பாருங்கள். தலையில் கவசம், உடம்பைப் பிடித்த பனியன், கையில் உறை. கூட்டம் கூட்டமாகப் பறக்கிறார்கள். கிழக்கு கடற்கரை சாலையில் மாமல்லபுரம் வரை ஒரு மிதி. திரும்பும் வழியில் இட்லி, வடை. 9 மணிக்கு வீடு. சில சைக்கிள்களின் விலையைக் கேட்டால் மோட்டார் சைக்கிளே வாங்கி விடலாம் போலிருக்கிறது.

2021 ஏப்ரல் 6-ந்தேதி நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டார். ஊரே அதைப் பேசியது. அதே ஆண்டு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கிழக்கு கடற்கரை சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்களும் பத்திரிகைகளில் வந்தன.

நல்லதுதான். தொப்பை குறைந்தால் யாருக்கு நஷ்டம்? நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் நான் தினமும் பார்க்கிற சைக்கிள் வேறு. போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, சவக்கிடங்கு என்று சுற்றுவதுதான் என் பிழைப்பு. "சைக்கிளில் சென்ற தொழிலாளி லாரி மோதி பலி" என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன், கணக்கே இல்லை. பெயரையும் வயதையும் இடத்தையும் மாற்றினால் போதும், செய்தி தயார். சொகுசு சைக்கிள்காரரும் அடிபடாமல் இல்லை. ஆனால் எனக்கு வருகிற செய்திகளில் வாட்ச்மேன், கொத்தனார், பூ வியாபாரி, கேன் டீ விற்பவர் - இவர்கள்தான் அதிகம்.

டிபன் பாக்ஸ்

போன மழைக்காலம். வடசென்னையில் ஒரு போலீஸ் நிலையம். வாசலில் பிடிபட்ட மோட்டார் சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு பழைய சைக்கிள். பின் சக்கரம் எட்டுப் போட்டது மாதிரி வளைந்திருந்தது. கேரியரில் ரப்பர் டியூபால் கட்டிய டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது.

"இது யாருது ஏட்டையா?" என்றேன்.

"கன்டெய்னர் லாரி கேசுப்பா. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வூட்டுக்கு வந்திருக்காரு. சர்வீஸ் ரோடு பூரா லாரியை நிறுத்தி வச்சிருக்கானுங்க. மெயின் ரோட்டுல ஏறித்தானே ஆவணும்? ஏறினாரு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. எழுத வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார்.

டிரைவர் மேல் வழக்கு. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி..." என்று போகும். சரி. ரோட்டின் மேல் யார் வழக்குப் போடுவது?

எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி, மாதவரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த லாரிகளுக்கும் ரோட்டுத் தடுப்புச் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் வேலைக்காரர்களின் சைக்கிள் போகிறது. அங்கே எந்த சைக்கிள் சங்கமும் ஊர்வலம் நடத்தியதாக நான் பார்த்ததில்லை.

அந்தக் காலம்

ஒரு காலத்தில் இது சைக்கிள் ஊர். 1970-ல் எடுத்த போக்குவரத்து கணக்குப்படி, சென்னையில் நடந்த 100 பயணங்களில் சுமார் 20 சைக்கிள் பயணம். 2008-ல் எடுத்த கணக்கில் அது 6 ஆகி விட்டது. இத்தனைக்கும் 1949-ல் தொடங்கிய பெரிய சைக்கிள் கம்பெனியின் தொழிற்சாலை நம் அம்பத்தூரில் இருந்தது! விளக்கில்லாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார் என்று எங்க அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சைக்கிளைக் கண்டு போலீஸ் கவலைப்பட்ட காலம் அது.

பெருகுகிறது என்கிறார்களே, அது ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். திங்கட்கிழமை சைக்கிள் குறைந்துதான் போயிருக்கிறது. பயந்து விட்டுவிட்டார்கள். கடன் வாங்கி மொபெட் வாங்கினார்கள். வாங்க முடியாதவன் மட்டும் இன்னும் மிதிக்கிறான்.

60 சதவீதம்

சரி, கார்ப்பரேஷன் ஒன்றுமே செய்யவில்லையா? காகிதத்தில் நிறைய செய்திருக்கிறது!

2014-ல் ஒரு கொள்கை கொண்டு வந்தார்கள். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவழிக்க வேண்டும் என்றார்கள். இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநகராட்சி என்று பாராட்டும் கிடைத்தது. 2018-க்குள் நடப்பவரோ சைக்கிள்காரரோ ஒருவர் கூட சாகக்கூடாது என்பது லட்சியம்.

2018 வந்தது. போனது. நான் அதே தலைப்பைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பல ரோடுகளில் நடைபாதை அகலமானது. அதை மறுக்கவில்லை. 2019-ல் பாண்டி பஜாரில் சுமார் 40 கோடி ரூபாயில் போட்ட நடைபாதை வளாகம் பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் நடைபாதை அகலமானபோது ரோடு குறுகியது. கார் குறைந்ததா? இல்லை. குறுகிய ரோட்டில் நசுங்குவது யார்? சைக்கிள்காரன்தான். 60 சதவீதத்தில் அவன் பங்கு எவ்வளவு என்று யாரும் தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை.

2019-ல் வாடகை சைக்கிள் திட்டமும் வந்தது. செல்போனில் பதிவு செய்து பூட்டைத் திறக்க வேண்டும். ஏதோ புதுமை மாதிரி பேசினார்கள். எங்க தெருவில் அந்தக் காலத்தில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. செல்போன் வேண்டாம், கடைக்காரருக்கு அப்பா பெயர் தெரிந்தால் போதும்! போகட்டும். பூட்டைத் திறந்தது சரி, திறந்த சைக்கிளை எந்த ரோட்டில் ஓட்டுவது? அதை யோசித்த பிறகு அல்லவா சைக்கிளை இறக்கியிருக்க வேண்டும்?

லண்டன் கதை

லண்டனிலும் முதலில் இப்படித்தான் ஏமாந்தார்கள். 2010-ல் வாடகை சைக்கிள் விட்டார்கள். ரோட்டு ஓரத்தில் நீல பெயிண்ட் அடித்து "சைக்கிள் நெடுஞ்சாலை" என்றார்கள். பெயிண்ட் லாரியைத் தடுக்குமா? 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் 6 சைக்கிள்காரர்கள் செத்தார்கள். மக்கள் ரோட்டில் படுத்துப் போராடினார்கள்.

அந்த ஆண்டு மார்ச்சிலேயே மேயர் போரிஸ் ஜான்சன், சைக்கிளுக்காக 10 ஆண்டுகளில் 91 கோடியே 30 லட்சம் பவுன் செலவிடுவோம் என்று அறிவித்திருந்தார். சாவுகளுக்குப் பிறகு நெருக்கடி இன்னும் கூடியது. 2016-ல் தேம்ஸ் நதிக்கரை ரோட்டில் கல் கட்டி, காரும் லாரியும் ஏற முடியாதபடி தனிப்பாதை திறந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதில் கூட்டமாகப் போனார்கள். காருக்கு இடம் போச்சே என்று கூச்சலும் எழுந்தது. பாதை நின்றது.

நம்மிடம் பணம் இல்லையா? தேனாம்பேட்டையில் இருந்து சைதாப்பேட்டை வரை 3 கிலோ மீட்டர் சொச்சம் மேம்பாலத்துக்கு 621 கோடி ரூபாய் ஒதுக்க முடிந்தது. கார் நிற்காமல் போக 621 கோடி! லாரி நிற்கிற சர்வீஸ் ரோட்டைக் காலி செய்து கல் கட்ட அதில் எத்தனை பங்கு ஆகிவிடும்?

மாடிப்படிக்கு அடியில்

சைக்கிளுக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. பிளஸ்-1 மாணவர்களுக்கு இலவச சைக்கிள்! 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. 2022-ல் மட்டும் தமிழ்நாடு முழுவதும் சுமார் 6 லட்சத்து 35 ஆயிரம் சைக்கிள்கள். செலவு 323 கோடி ரூபாய். அருமையான திட்டம். கிராமத்துப் பெண் பிள்ளைகள் படிப்பை விடாமல் இருக்க அது எவ்வளவு உதவியது என்பது ஊருக்குத் தெரியும்.

சென்னையில்? வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தப் புது சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. மேலே துணி காய்கிறது.

"ஏம்மா, பொண்ணு ஓட்டலையா?"

"அந்த ரோட்லயா? போப்பா! பஸ்சுலயே போயிட்டு வரட்டும். எனக்கு புள்ள வேணும்" என்றார் தாயார்.

சைக்கிளுக்குப் பணம் இருக்கிறது. அது போகிற பாதைக்கு இல்லை. ஐந்தாயிரம் ரூபாய் சைக்கிள் துணி காயப் போடும் கம்பியாகி விட்டது.

சைக்கிள்காரர்களும் யோக்கியம் இல்லை என்று சிலர் எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எதிர்த்திசையில் வருகிறார்கள். இரவில் விளக்கு கிடையாது. நானே திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு கிலோ மீட்டர் தள்ளித்தான் திரும்ப முடியும் என்று நடுவில் சுவர் கட்டினால், மிதிக்கிறவன் என்ன செய்வான்?

முதலில் செய்ய வேண்டியதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். தொழிற்சாலைப் பக்க சர்வீஸ் ரோடுகளில் லாரி நிற்பதைப் போலீசார் தடுக்கட்டும். மழைநீர் வடிகாலின் கம்பி மூடியில் சக்கரம் சிக்காமல் குறுக்கே கம்பி வைக்கட்டும். ரோடு போடும்போது ஓரத்தை அரைகுறையாக விடாமல் போடட்டும். பள்ளிக்கூடம் இருக்கிற பெரிய ரோடுகளில் கல் கட்டின பாதை வரட்டும். எந்த ரோடு முதலில் என்று தெரியாவிட்டால் போலீஸ் நிலையங்களில் விபத்துப் பதிவேடு இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம்.

கார்ப்பரேஷன் பட்ஜெட் ஆண்டுதோறும் மன்றத்தில் படிக்கப்படுகிறது. மேஜையைத் தட்டுகிறார்கள். அடுத்த தடவை ஒரு கவுன்சிலராவது எழுந்து, அந்த 60 சதவீதத்தில் சைக்கிளுக்கு எத்தனை ரூபாய், எந்த வார்டில், எந்த ரோட்டில் என்று கேட்கட்டும். ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, கேட்கிறவர் பெயரையும் கிடைத்த பதிலையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.