கை நடுங்குதா? தொண்டை கம்முதா? நிறுத்திடாதீங்க பாஸ்!

லாஸ்பேட்டையோ, காலாப்பட்டோ, நீங்க எந்தப் பக்கத்து காலேஜா வேணா இருங்க. உங்க கிளாஸ்ல யாராவது ஒருத்தர் பையோட அடி ஜிப்புல ஒரு குட்டி இன்ஹேலர் கண்டிப்பா ஒளிஞ்சிருக்கும். அது உங்க பையாகவே கூட இருக்கலாம். போன மாசம்தான் டாக்டர் "ஆஸ்துமா"னு சொல்லியிருப்பார். நீங்களும் ரெண்டு வாரம் சமத்தா மருந்து இழுத்திருப்பீங்க. அப்புறம் கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது, குரல் கட்டுது... "வியாதியே தேவலாம்டா சாமி"ன்னு அதைத் தூக்கி மூலையில போட்டிருப்பீங்க. இந்த வாரம் பேச்சு உங்ககூடத்தான்!

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1955-ல் அமெரிக்காவில் ஒரு மருந்து கம்பெனி அதிகாரியின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. "என் மருந்தை ஏன் ஹேர் ஸ்ப்ரே மாதிரி டப்பாவுல அடைக்கக் கூடாது?"ன்னு அப்பாகிட்ட கேட்டிருக்கா. அடுத்த வருஷமே, 1956-ல், அழுத்தினா அளவா மருந்து வர்ற இன்ஹேலர் கடைக்கு வந்துடுச்சு. உங்க கையில இருக்கறது ஒரு டீன் ஏஜ் பொண்ணோட ஐடியா!

சரி, நடுக்கம் எதுக்கு? மூச்சு முட்டும்போது சட்டுனு இழுக்கறது 'ரிலீவர்'. பெரும்பாலும் நீல நிறத்துல இருக்கற சால்பியூட்டமால். சுருங்கின மூச்சுக்குழாய் தசையைச் சில நிமிஷத்துல தளர்த்திடும். சிக்கல் என்னன்னா, அந்த மருந்து போய் ஒட்டிக்கற அதே வகை 'ஏற்பி'கள் கை கால் தசைகள்லயும் உண்டு. அதனாலதான் விரல் நடுங்குது, இதயம் கொஞ்சம் ஸ்பீடா அடிக்குது. பொதுவா இது கொஞ்ச நேரத்துல அடங்கிடும். கெமிஸ்ட்ரி லேப்ல ப்யூரெட் பிடிக்கறதுக்கு முன்னாடி இழுக்க வேண்டி வந்தா, பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க. கூடவே ஸ்ட்ராங் காபி வேண்டாம். காபி படபடப்பை இன்னும் கூட்டும்.

"அதுக்கு மாத்திரையே போட்டுக்கறேனே"ங்கறீங்களா? கணக்குப் பாருங்க. ஒரு பஃப்ல 100 மைக்ரோகிராம். சால்பியூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம். அதாவது 40 பஃப்! மாத்திரை ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கச் சுத்திட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். இன்ஹேலர் நேரா வீட்டு வாசல்லயே டெலிவரி. இப்ப சொல்லுங்க, எதுல நடுக்கம் ஜாஸ்தி?

அடுத்தது 'கன்ட்ரோலர்'. மூச்சுக்குழாய் உள்ளே இருக்கற வீக்கத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஆத்தறது இதோட வேலை. புடெசோனைட், ஃபுளூட்டிகசோன்னு லேபிள்ல இருக்கும். இவை ஸ்டீராய்டு. உடனே ஜிம்ல பைசெப்ஸ் ஏத்த ஊசி போடறாங்களே, அந்த ஸ்டீராய்டுன்னு நினைச்சுடாதீங்க. அது வேற சாதி, இது வேற சாதி. ஆனா இதுக்கும் ரெண்டு தொல்லை உண்டு. ஒண்ணு, குரல் கம்மறது. இன்னொண்ணு, நாக்குலயும் அண்ணத்துலயும் வெள்ளைத் திட்டு. தொண்டையில தங்கிப்போன மருந்துதான் காரணம். அங்கே பூஞ்சை சுகமா வளருது.

இதுக்கு வைத்தியம் ரொம்ப சிம்பிள்:

* ஒவ்வொரு தடவை கன்ட்ரோலர் இழுத்ததும் வாயை நல்லாக் கொப்பளிச்சுத் துப்புங்க. விழுங்கக் கூடாது. பல் தேய்க்கறதுக்கு முன்னாடி இன்ஹேலர்னு வச்சுக்கிட்டா மறக்கவே மறக்காது.

* அழுத்தற வகை இன்ஹேலர்னா 'ஸ்பேசர்' கேட்டு வாங்குங்க. பிளாஸ்டிக் குடுவை மாதிரி இருக்கும். தொண்டையில ஒட்டற மருந்து குறையும், நுரையீரலுக்குப் போறது கூடும். காலேஜுக்குத் தூக்கிட்டுப் போக வெட்கமா? வீட்லயாவது யூஸ் பண்ணுங்க.

* அழுத்தற வகையை நல்லாக் குலுக்கிட்டு, மெதுவா, ஆழமா இழுக்கணும். பவுடர் வகைக்குக் குலுக்கல் வேண்டாம்; வேகமா, ஆழமா இழுக்கணும். ரெண்டுக்குமே இழுத்தப்புறம் பத்து எண்ணற வரைக்கும் மூச்சை அடக்குங்க. பல பேர் தப்பு பண்றது இங்கேதான்.

* வெள்ளைத் திட்டு வந்துட்டா டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்து தடவினா போயிடும். கோரஸ்ல பாடறவங்க, மிமிக்ரி பண்றவங்க, குரல் மாறினா அதையும் வெட்கப்படாம சொல்லுங்க. டோஸை, மருந்தை, கருவியை மாத்தித் தர வழி இருக்கு.

இன்னொரு விஷயம். சிலருக்கு மான்டெலுகாஸ்ட் மாத்திரையும் சேர்த்துத் தருவாங்க. அதுக்கப்புறம் கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், மனசு சோர்ந்து போறதுன்னு இருந்தா "எக்ஸாம் டென்ஷன்"னு ஒதுக்காதீங்க. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்குன்னே கடுமையான எச்சரிக்கை கொடுத்திருக்கு. உடனே டாக்டர்கிட்ட சொல்லணும்.

இப்ப கொஞ்சம் சீரியஸ். சைடு எஃபெக்ட்டுக்குப் பயந்து பல பேர் பண்றது என்ன? கன்ட்ரோலரை நிறுத்திட்டு, நீலத்தை மட்டும் வச்சு ஓட்டறது. நீலம் உடனே சுகம் தருதே! ஆனா அது தசையைத்தான் தளர்த்துது. உள்ளே வீக்கம் அப்படியே வளருது. ஒருநாள் போகிப் புகையிலோ, ஜலதோஷத்திலோ அந்த நீலமும் கை விட்டுடும். அதனாலதான் உலக ஆஸ்துமா நிபுணர்களின் 'ஜினா' அமைப்பு 2019 முதல், பெரியவங்களுக்கும் டீன் ஏஜ்காரங்களுக்கும் நீலத்தை மட்டும் தரவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2019-ம் வருஷக் கணக்குப்படி உலக ஆஸ்துமா நோயாளிகள்ல இந்தியாவில் இருக்கறது சுமார் 13 சதவிகிதம். ஆனா மரணத்துல நம்ம பங்கு 40 சதவிகிதத்துக்கும் மேல! நோய் அவ்வளவா இல்ல பாஸ், சாவுதான் ஜாஸ்தி. சரியான மருந்து பல பேர் நெஞ்சுக்குள்ள போய்ச் சேரலைங்கறது இதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு நடை போய்ப் பேசிட்டு வாங்க. நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்? 1823-ல் பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளியோட வாரிசுதான் ஜிப்மர். அதே கோரிமேட்டுல அரசு மார்பு நோய் மருத்துவமனையும் இருக்கு. போகும்போது இன்ஹேலரையும் எடுத்துட்டுப் போய், டாக்டர் முன்னாடியே இழுத்துக் காட்டுங்க. என்ன தொந்தரவு, எப்ப வருதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கோங்க. மூணு மாசம் மூச்சு சீரா இருந்தா டோஸைக் குறைக்க முடியுமான்னும் கேளுங்க. குறைக்கறது அவர் வேலை, நிறுத்தறது நம்ம வேலை இல்ல.

ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவு மூச்சு முட்டினாலோ, உதடு நீலமானாலோ, ரிலீவர் இழுத்தும் அடங்காம போனாலோ யோசிக்கவே யோசிக்காதீங்க. 108! வண்டி வர்ற வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து ரிலீவரை விட்டு விட்டு இழுங்க. இதை உங்க ரூம்மேட்டுக்கும் இன்னிக்கே சொல்லி வைங்க.

கடைசியா, ஒளிச்சு வைக்கறதைப் பத்தி. 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை பண்ணின பவுலா ராட்கிளிஃபுக்கு 14 வயசுலேர்ந்தே ஆஸ்துமா. அந்த சாதனை 16 வருஷம் நின்னுச்சு. அவங்களே இன்ஹேலரை மறைக்கல. கண்ணாடி போடறவன் கண்ணாடியை ஒளிச்சா வைக்கறான்? அடி ஜிப்புலேர்ந்து எடுத்து முன் ஜிப்புல வைங்க. அவசரத்துக்குத் தேட வேண்டாம் பாருங்க!