கையில் இருக்கும்போதே...





எங்கள் வீட்டு மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கும் பீங்கான் கோப்பைகள் அதில் இருக்கின்றன. மேல் தட்டில் பச்சைத் துணியில் சுற்றிய ஒரு கிதாபு. தமிழ் மொழிபெயர்ப்புடன் கூடிய அல்குர்ஆன். என் கணவரின் நானா ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது, தன் உம்மாவுக்கென்று ஆசையோடு கொண்டுவந்து கொடுத்தது.

மாமி ஸுபஹுக்குப் பின் யாஸீனும், இஷாவுக்குப் பின் தபாரக் சூறாவும் ஓதாமல் இருந்த நாள் இல்லை. "இத்தனை வருஷம் ஓதிட்டேன் மகள். என்ன ஓதினேன் என்று விளங்கி ஒரு தடவையாவது முழுசா வாசிக்கணும்" என்று அடிக்கடி சொல்வார். அந்தக் கிதாபு வந்த நாளில் அதைக் கண்ணில் ஒற்றி, துணியில் சுற்றி மேலே வைத்தார்.

"சின்ன மகளின் கல்யாணம் முடியட்டும்" என்றார். முடிந்தது. "வீட்டு வேலை முடியட்டும்" என்றார். அதுவும் முடிந்தது. "பேரப்பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினால் எனக்கு வேற என்ன வேலை?" என்றார். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனார்கள். இப்படியே பதினொரு வருடங்கள் போயின.

மாமிக்குச் சீனி வருத்தம் இருந்தது. மருந்து எடுத்தார், எடுக்க மறந்த நாட்களும் உண்டு. கிளினிக்கில் கண்ணைக் காட்டச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். "கண் நல்லாத்தானே தெரியுது" என்று அந்தத் துண்டு அலுமாரிக்குள் போனது. ஒரு நாள் காலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், "சுளகுக்குள்ள கறுப்பு நூல் மாதிரி என்னவோ ஓடுதே மகள்" என்றார். ஓடியது சுளகுக்குள் அல்ல, மாமியின் கண்ணுக்குள். விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கி வெகு காலம் என்றார் டொக்டர். லேசர் சிகிச்சை செய்தார்கள். மிச்சமிருந்த பார்வை தப்பியது. போன பார்வை திரும்பவில்லை. இன்று மாமிக்கு ஆட்களின் உருவம் தெரியும், எழுத்துத் தெரியாது.

அவரை ஆறுதல்படுத்த நினைத்து ஒரு நபிமொழியைச் சொன்னேன். ஓர் அடியான் நோயுற்றால் அல்லது பிரயாணத்தில் இருந்தால், அவன் சுகமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களுக்குரிய கூலி அப்படியே அவனுக்கு எழுதப்படும் என்பது அதன் கருத்து. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அறிவிக்க, புகாரியில் பதிவான ஹதீஸ் அது. மாமி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"யாஸீனும் தபாரக்கும் எனக்குப் பாடம். கண் இல்லாட்டியும் ஓதுவேன், அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கிதாபை நான் திறக்கவே இல்லையே. செய்யாத அமலை மலக்குமார் எப்படி மகள் எழுதுவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

நட்டப்பட்ட வியாபாரம்

நம்மில் பலர் வியாபாரக் குடும்பங்களில் பிறந்தவர்கள், வியாபாரிகளை மணமுடித்தவர்கள். நல்ல சரக்கைக் கையில் வைத்திருந்தும் உரிய காலத்தில் விற்காமல் விட்டவனையும், பெறுமதி தெரியாமல் அரை விலைக்குக் கொடுத்தவனையும் நாம் கண்டிருக்கிறோம். அரபியில் அப்படி ஏமாந்தவனை 'மக்பூன்' என்பார்கள். அது சந்தையில் வழங்கும் சொல்.

இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் இந்தச் சொல்லையே கையாண்டிருக்கிறார்கள். இரண்டு நிஃமத்துகள் விடயத்தில் மனிதரில் அநேகர் இப்படி ஏமாந்து போகிறார்கள். ஒன்று ஆரோக்கியம், மற்றது ஓய்வு நேரம் என்பது அதன் கருத்து. இதுவும் புகாரியில் உள்ளது.

ஏன் இந்த இரண்டும்? ஆரோக்கியம் இருக்கிறவருக்கு நேரம் இருப்பதில்லை. நேரம் கிடைக்கும்போது ஆரோக்கியம் போய்விடுகிறது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் ஒரு மனிதரின் ஆயுளில் கொஞ்சம்தான். அந்தக் காலத்தை வைத்து மறுமைக்கு எதையும் வாங்காவிட்டால் முதலே போய்விடும்.

முதுமைக்கு முன் இளமை, நோய்க்கு முன் ஆரோக்கியம், வறுமைக்கு முன் செல்வம், அலுவல்கள் சூழுமுன் ஓய்வு, மரணத்துக்கு முன் வாழ்வு ஆகிய ஐந்தையும் பயன்படுத்திக்கொள்ளும்படி சொல்லும் ஹதீஸை நாம் பயான்களில் பல தடவை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, "எவ்வளவு நல்ல பயான்!" என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

உடம்பும் ஓர் அமானிதம்

மாமியின் கண் போன பிறகுதான் நான் என்னைப் பற்றி யோசித்தேன். என் உம்மாவுக்கும் சீனி இருந்தது. எனக்கோ வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு தடவைகூட இரத்தம் சோதித்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குத் தடிமன் என்றால் டொக்டரிடம் ஓடுவோம். கணவரின் மருந்தை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்போம். நமக்கென்று வந்தால், "எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்போம். அதைப் பொறுமை என்று வேறு நினைத்துக்கொள்கிறோம்.

போய்ச் சோதித்தேன். அளவு கூடித்தான் இருந்தது. நல்ல வேளை, ஆரம்பத்திலேயே தெரியவந்தது. அன்றைக்கு விட்டதுதான் மூன்று கரண்டிச் சீனி போட்ட பிளேன்டீ.

சகோதரிகளே, இந்த நோய் கண்ணைத் தொடங்கும்போது வலி இராது, பார்வையும் மங்காது. தெரியவரும்போது பெரும்பாலும் பிந்திவிடும். அதனால்தான் சீனி உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்டச் சொல்கிறார்கள். நம் நாட்டு அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கேட்பதில்லை. இதுவும் ஒரு நிஃமத்தே. வாசலில் கிடக்கும் நிஃமத்தை எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்வது சரியா? நோய் வருவது அல்லாஹ்வின் நாட்டம்தான். மருந்து செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருப்பதையும் மறக்கக்கூடாது.

சோறும் தண்ணீரும்

நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் பசியோடு வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். அபூபக்கர் (ரழி), உமர் (ரழி) இருவரும் அதே பசியோடு வெளியே நின்றிருந்தார்கள். மூவரும் ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவிதான் அவர்களை முகமலர்ச்சியோடு வரவேற்று, கணவர் நல்ல தண்ணீர் எடுத்துவரப் போயிருப்பதாகச் சொன்னார். அவர் வந்து, இப்படிப்பட்ட விருந்தாளிகள் இன்று வேறு யாருக்குக் கிடைப்பார்கள் என்று மகிழ்ந்து, ஒரு பேரீச்சங் குலையைக் கொண்டுவந்து வைத்தார். ஆடு அறுக்கக் கத்தியை எடுத்தபோது, பால் தரும் ஆட்டை அறுக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். உண்டு, குடித்து, பசி தீர்ந்த பின், இந்த நிஃமத்தைப் பற்றியும் மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்று தம் தோழர்களிடம் சொன்னார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள சம்பவம் இது. தகாஸுர் சூறாவின் எட்டாவது, கடைசி வசனமும் இந்த விசாரணையைப் பற்றித்தான் எச்சரிக்கிறது.

பட்டினி கிடந்து உண்ட ஒரு வேளை உணவுக்கே கேள்வி உண்டென்றால், நம் வீட்டுக் குளிரூட்டிக்குள் மூன்று நாள் கிடந்து குப்பைக்குப் போகும் கறிக்கு என்ன பதில்? ஆறு பேர் சுற்றியிருக்கும் சஹனில், வலீமா வீட்டில் மிஞ்சும் சோற்றுக்கு என்ன பதில்? கீழே விழுந்த கவளத்தைக்கூட அதிலுள்ள தூசியை நீக்கி உண்ணச் சொன்ன நபியின் உம்மத் நாம். பால் தரும் ஆட்டை விட்டுவிடச் சொன்னதிலும் நமக்குப் பாடம் உண்டு. விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் வீட்டின் நாளைய பாலை வற்ற வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. கடன் வாங்கி விருந்து வைப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

தண்ணீருக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். ஒரு முத்து என்பது இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஒரு லீற்றருக்கும் குறைவு. நான் ஒரு நாள் பைப்புக்குக் கீழே வாளி வைத்து வுழூச் செய்து பார்த்தேன். வாளி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பைப்பை அரைவாசிதான் திறப்போம். நீங்களும் ஒரு தடவை வாளி வைத்துப் பாருங்கள்.

2022-இல் நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? கேஸ் சிலிண்டருக்காக விடியப் புறம் வரிசையில் நின்றோம். மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அன்று ஒரு சிலிண்டர் கிடைத்தபோது, "அல்ஹம்துலில்லாஹ்" என்ற வார்த்தை அடிவயிற்றிலிருந்து வந்தது. இன்று அதே அடுப்பைப் பற்ற வைக்கும்போது அந்த வார்த்தை வருகிறதா?

கொடுத்ததுதான் மிச்சம்

புத்தளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா இருக்கிறார். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். 1990 ஒக்டோபர் கடைசியில் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். வீடும் கடையும் போயின. காதிலும் கையிலும் இருந்த நகையும் வழியில் பறிக்கப்பட்டது. அந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ராத்தாவின் உம்மா, தன் காப்பில் ஒரு சோடியை ஓர் ஏழைக் குமரின் கல்யாணத்துக்கென்று கழற்றிக் கொடுத்திருந்தாராம். முகாமுக்கு வந்த பிறகு உம்மா சொன்னாராம்: "என்ட நகையில அந்தச் சோடி காப்பு மட்டும்தான் பத்திரமா இருக்கு."

ஆயிஷா (ரழி) அவர்கள் வீட்டில் ஓர் ஆட்டை அறுத்துப் பங்கிட்ட சம்பவம் உங்களுக்கு ஞாபகம் வரலாம். என்ன மிச்சம் என்று நபியவர்கள் கேட்க, தோள்பட்டைப் பங்கைத் தவிர எதுவும் மிச்சமில்லை என்றார்கள். அந்தப் பங்கைத் தவிர மற்றதெல்லாம் மிச்சமாகிவிட்டது என்று நபியவர்கள் திருத்தினார்கள். திர்மிதியில் உள்ள இந்த ஹதீஸை அந்த உம்மா படித்திருந்தாரோ என்னவோ, வாழ்ந்து காட்டிவிட்டார்.

ஷுக்ர் என்றால்...

ஷுக்ர் நாவோடு முடிவதல்ல. தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாரை நோக்கி, நன்றியாகச் செயல்படுமாறு அல்லாஹ் ஸபஃ சூறாவில் கட்டளையிடுகிறான். நம் நபி (ஸல்) அவர்களோ கால் வீங்கும்வரை இரவில் நின்று வணங்கினார்கள். பாவம் மன்னிக்கப்பட்ட நீங்கள் ஏன் இப்படிச் சிரமப்படுகிறீர்கள் என்று ஆயிஷா (ரழி) கேட்டபோது, நன்றியுள்ள அடியானாக நான் இருக்க வேண்டாமா என்றுதான் பதில் சொன்னார்கள். கண்ணுக்கு ஷுக்ர் கண்ணால், காசுக்கு ஷுக்ர் காசால், நேரத்துக்கு ஷுக்ர் நேரத்தால்.

ஆகவே இந்த மாதம் பெரிதாக எதுவும் வேண்டாம். நீங்கள் "பிறகு பார்ப்போம்" என்று அலுமாரியில் வைத்திருக்கும் ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். அது ஒரு கிதாபாக இருக்கலாம், கிளினிக் துண்டாக இருக்கலாம். பேசாமல் விட்ட ஒரு சொந்தமாகவும் இருக்கலாம். கைத்தொலைபேசியில் போகும் நேரத்தில் கால் மணித்தியாலத்தை அதற்குக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பச்சைத் துணி அவிழ்ந்துவிட்டது. மஃரிபுக்குப் பின் என் மூத்த மகள் அந்தக் கிதாபை மடியில் வைத்து வாசிக்கிறாள். மாமி பக்கத்தில் இருந்து கேட்கிறார். நாளொன்றுக்கு ஒரு பக்கம்தான். பகராச் சூறாவில் பாதி வந்திருக்கிறார்கள். சில இடங்களில் மாமி, "அதைத் திரும்ப வாசி மகள்" என்கிறார். அழுகிறார். கண் போனாலும் காது இருக்கிறது, அந்த நிஃமத்தையும் பிற்போட்டுவிடக் கூடாது என்கிறார். மகளுக்கோ பதினான்கு வயது. மாமி பதினொரு வருடம் தள்ளிப்போட்டதை அவள் இந்த வயதிலேயே தொடங்கிவிட்டாள். இதில் யாருக்கு அதிக நன்மை என்று அல்லாஹ்வே அறிவான்.

அல்லாஹ்வை நினைவுகூரவும், அவனுக்கு நன்றி செலுத்தவும், அவனை அழகாக வணங்கவும் அவனிடமே உதவி கேட்குமாறு முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்த துஆவை ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நாமும் கேட்போம். கையில் இருக்கும்போதே நிஃமத்துகளின் பெறுமதியை விளங்கியவர்களாக நம்மை அவன் ஆக்குவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.