ஈட்டி மரத்துக்கு உள்ள பேர் ஆம்பூர்த் தோலுக்கு இல்லையே

இன்று செய்து பழைய பாணி என்று விற்கப்படும் எலெக்ட்ரிக் கிட்டாரின் விவரச் சீட்டு படிக்கத் தகுந்தது. 1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வழியில் செய்தது என்றால், விரல் பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரம், பிக்கப்பில் அல்நிக்கோ காந்தம், உடலுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த வளைவில் கார்டு பிடிப்பது சுகம். ஆனால் மேல் கட்டைகளில் தந்தியை இழுத்து வாசித்தால் நாதம் அடைத்துக்கொள்ளும். அந்தக் குறை தெரிந்தேதான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஃபெண்டர் 1959-ல் ரோஸ்வுட் விரல் பலகைக்கு மாறியது. முதலில் பிரேசில் மரம், 1960களின் நடுவிலிருந்து இந்திய மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் அது. இன்றைக்கும் சீட்டில் 'இண்டியன் ரோஸ்வுட்' என்று ஊர் பேரோடு அச்சாகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே தைத்த ஷூ வெளிநாட்டு பிராண்டின் பேரில் கடைக்குப் போகிறது. சென்னை மாகாணத்திலிருந்து ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் ஒரு காலத்தில் 'ஈஸ்ட் இண்டியா' என்ற பேரிலேயே லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. 1970களில் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், குரோம் பதனீடும் ஷூவும் முந்திக்கொண்டன. அது தவறான கொள்கை என்று சொல்ல மாட்டேன். ஷூ ஆலைகளை நம்பி எத்தனையோ பெண்களின் குடும்பம் நடக்கிறது. ஆனால் அந்த 'ஈஸ்ட் இண்டியா' (ஈ.ஐ.) தோலுக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்துவிட்டு, அந்தப் பேரை வாங்குபவர் கண்ணில் படாமல் வைத்திருப்பது சரியல்ல. கிட்டார் தோள்வார் அதற்கு ஒரு நல்ல வாசல். நைட்ரோ லாக்கர் ரப்பரோடும் வினைலோடும் ஒத்துப்போகாது. வினைல் வாரைக் கழற்றாமல் விட்டால் பூச்சு இளகித் தடம் விழும். அதனால் பழைய பாணிக் கிட்டார்காரர் தோல் வார் தேடுவதற்குக் காரணம் உண்டு. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது, எளிதில் நீளாது. கிட்டாரின் பொத்தானில் மாட்டும் துளை சீக்கிரம் தளர்ந்துவிடாது.

வார் விற்றா ஊர் பிழைக்கும் என்று கேட்பார்கள். பிழைக்காதுதான். ஷூவுக்குப் பதிலாக வார் என்பதல்ல வாதம். பேர் சொல்லி விற்கப் பழகுவதற்குச் சின்னச் சரக்கே தோது. இதைவிடக் கனமான ஆட்சேபம், தோல் ஆலைக் கழிவால் கெட்ட பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பட்டைப் பதனீடு என்றதும் 'இயற்கை' என்று முத்திரை குத்தி அந்தக் கணக்கை மறைக்கக் கூடாது. குரோம் இல்லையென்றாலும் பச்சைத் தோலில் தடவிய உப்பு கழிவுநீரில் போகத்தான் செய்யும்; பட்டைத் தண்ணீரின் பழுப்பும் லேசில் சிதையாது. கிட்டார் சீட்டு குறையையும் 7.25 என்று அச்சிடுகிறதே, அதுபோல வாரோடு வரும் சீட்டிலும் பட்டை எது, எத்தனை நாள் ஊறியது, கழிவுநீர் எங்கே சுத்தமானது என்று இருக்கட்டும். லாக்கரில் சாயம் இறங்குமா என்பதை அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்து, அந்த முடிவையும் சீட்டிலேயே அச்சிடலாம்.