எளிய கார்டே ஏற்றது

வீட்டில் ஆட்கள் பெருகினால் ஓர் அறை கூட்டிக் கட்டுகிறோம். கணிப்பொறியில் கோப்புகள் பெருகினால் என்ன செய்வது? எங்கள் கணிப்பொறி மன்றத்தில் எழுந்த கேள்வி இது.

பழைய ஆண்டு மலர்களின் பக்கங்கள், விளையாட்டு விழாப் புகைப்படங்கள், நாடகப் பதிவுகள் ஆகிய அனைத்தையும் மன்றத்தின் ஒரே கணிப்பொறியில் சேர்த்து வருகிறோம். அதன் மதர்போர்டில் ஹார்ட் டிஸ்க் பூட்டும் சாட்டா இணைப்புகள் நான்கே. நான்கும் நிறைந்துவிட்டன. மேலும் நான்கு டிஸ்க்குகளை இணைக்க ஒரு கூடுதல் கார்டு தேவைப்பட்டது. எதை வாங்குவது என்பதில் எங்களுக்குள் மூன்று கட்சிகள் தோன்றின!

“விலை குறைந்ததே போதும்” என்றது முதற் கட்சி. அதன்படியே முதலில் ஒரு கார்டை வாங்கினோம். இணைப்புகள் ஏராளம், விலையோ சொற்பம். ஆனால் நான்கு டிஸ்க்குகளும் ஒருங்கே வேலை செய்யத் தொடங்கியதும் இரண்டு டிஸ்க்குகள் திரையிலிருந்தே மறைந்துபோயின. எங்கள் நெஞ்சம் பதறியது. நல்லவேளை, கோப்புகள் அழியவில்லை. கார்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. இரண்டு இணைப்புகளே உள்ள சிப் ஒன்றை வைத்து, வேறொரு சிப்பினால் அவற்றைப் பலவாகக் கிளை பிரித்திருந்தார்கள். ஒரு குழாயில் பத்துக் குடம் வைத்தால் தண்ணீர் பெருகிவிடுமா?

ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்று உணர்ந்து, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கார்டு பொருந்தும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பள்ளத்தில் தரவு செல்லும் தடங்கள் உண்டு. இரண்டாம் தலைமுறையில் ஒரு தடம் வினாடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் கடத்தும். மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 985. ஒரு ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கையில் 200 முதல் 250 மெகாபைட் வரை தரக்கூடும். நான்கு டிஸ்க்குகளுக்கு 1000 என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் தலைமுறையின் ஒற்றைத் தடம் திணறும். மூன்றாம் தலைமுறையின் இரு தடங்கள் தாராளமாகப் போதும். பள்ளத்தின் நீளத்தைக் கண்டும் ஏமாறக் கூடாது. நீண்ட பள்ளம் சிலவற்றில் நான்கு தடங்களே இணைக்கப்பட்டிருக்கும். மதர்போர்டின் கையேட்டைப் படித்துத் தெளிவதே அறிவுடைமை.

“ரெய்டு கார்டே சிறந்தது” என்றது இரண்டாம் கட்சி. பல டிஸ்க்குகளை ஒன்றாக்கி, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் திறமை அதற்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அக்கார்டே பழுதானால்? டிஸ்க்குகளில் எழுதியிருப்பதை மீண்டும் படிக்கப் பெரும்பாலும் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும். மேலும், எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் தேக்கி வைக்கும் கார்டில் பேட்டரி இல்லையெனில், மின்வெட்டின்போது தேங்கியது தொலைந்துபோகும். மாற்றுக் கார்டு தயாராக வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களுக்கு அது ஏற்கலாம். நமக்கு ஏன் அந்தக் கவலை?

ஆகவே மூன்றாம் கட்சியே வென்றது. டிஸ்க்குகளை உள்ளவாறே கணிப்பொறிக்குக் காட்டும் எளிய கார்டே நமக்கு ஏற்றது. இன்று இக்கார்டு எரிந்துபோனாலும், நாளை வேறொரு கணிப்பொறியில் டிஸ்க்குகளைப் பூட்டிப் படிக்கலாம். டிஸ்க்குகளை ஒன்றாக்கிக் காக்கும் வேலையை லினக்ஸ் போன்ற மென்பொருளே செய்துவிடும். நாங்கள் தேர்ந்தது ஏ.எஸ்.எம். 1166 என்னும் சிப் கொண்ட, ஆறு இணைப்புகள் உள்ள கார்டு. அது மூன்றாம் தலைமுறையின் இரு தடங்களில் இயங்குவது. எட்டு டிஸ்க்குகள் தேவைப்படுவோர் எல்.எஸ்.ஐ. 9211-8ஐ போன்ற கார்டை நாடலாம். ஆனால் அதில் டிஸ்க்குகளை நேரே காட்டும் ‘ஐ.டி.’ வகை மென்பொருள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். சர்வர்களின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்ட அக்கார்டு எளிதில் சூடேறும். அருகில் ஒரு சிறு விசிறி அவசியம்.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் வினாடிகளில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு சேர்ந்தால் ஏறத்தாழ 100 வாட்! பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று முன்னரே பார்த்துவிட வேண்டும்.

தோழியரே! எந்தக் கார்டும் காவல் தெய்வமன்று. கோப்புகளின் இன்னொரு பிரதி வேறோரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். கார்டு வாங்கப் போகுமுன், “இதில் எத்தனை இணைப்புகள்?” என்று மட்டும் கேளாதீர்கள். “இது பழுதானால் எங்கள் கோப்புகள் எங்கள் கையில் இருக்குமா?” என்று கேளுங்கள். நமக்கு முன் இப்பள்ளியில் பயின்ற அக்காமாரின் முகங்கள் அந்த டிஸ்க்குகளில் உள்ளன. நமக்குப் பின் வரும் தங்கையரும் அவற்றைக் காண வேண்டாமா?

— கணிப்பொறி மன்ற மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு