வலி நின்றது, எலும்பு ஆறியதா?



"வலி போய்விட்டது, நாளை முதல் ஓடலாம் அல்லவா?" பாதத்தில் அழுத்த முறிவு கண்டு ஓய்விலிருக்கும் இளம் விளையாட்டு வீரர்கள் கேட்கும் கேள்வி இது. பெற்றோரும் பயிற்சியாளரும் அவசரப்பட்டு இதற்கு இசைந்துவிடலாகாது. ஏனெனில் வலி முன்னதாக மறைகிறது. எலும்பு பின்னரே வலுப்பெறுகிறது.

இம்முறிவு ஒரே அடியில் நேர்வதன்று. ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. ஓய்வின்போது உடல் அதைச் செப்பனிடுகிறது. சேதம் முந்தி, செப்பனிடுதல் பிந்துமாயின் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுகிறது. 1855ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தொலைவு நடந்த படைவீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதை விவரித்து எழுதினார். 1895இல் எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அது எலும்பு முறிவென்று தெளிவாயிற்று.

ஆயினும் எக்ஸ்-ரே படம் மட்டுமே போதிய சாட்சியன்று. முதல் 2, 3 வாரங்களில் விரிசல் அதில் தென்படாமலே போகலாம். எம்.ஆர்.ஐ. படம் தொடக்கத்திலேயே காட்டிவிடும். ஆனால் எலும்பு ஆறிய பின்னும் பழைய மாற்றம் அதில் சில காலம் தெரிவதுண்டு. ஆதலால் மருத்துவர் படத்தோடு நின்றுவிடாமல், அவ்விடத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறார், நடக்கச் செய்கிறார், தக்க காலத்தில் ஒற்றைக் காலால் குதிக்கவும் சொல்கிறார்.

எந்த எலும்பு என்பதையும் அறிதல் வேண்டும். கால்விரல்களை நோக்கி நீளும் நடு எலும்புகளில் விரிசல் கண்டால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். பாதத்தின் மேல்வளைவிலுள்ள படகெலும்போ இரத்த ஓட்டம் குறைந்தது, மெல்லவே கூடும். 6 வாரமேனும் காலை ஊன்றாதிருக்க நேரலாம். களத்திற்குத் திரும்பப் பல மாதங்கள் செல்லும்.

சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் இடப் பாதத்தில் 2008 பிப்ரவரியில் இத்தகைய முறிவு கண்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் அவ்வாண்டு ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடினார். 2009 மே மாதம் அதே பாதத்தில் மீண்டும் விரிசல். அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. 2010 டிசம்பரில் இடக் கணுக்காலில் மற்றுமோர் அழுத்த முறிவு. 2011 ஜூலையில், 30 வயதிலேயே, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். உயர்ந்த மருத்துவ வசதிகள் பெற்றவருக்கே இந்நிலையெனில், நம் பிள்ளைகளின் விஷயத்தில் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

வீட்டில் செய்யத்தக்கது எளிது. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் மூன்று வேளை நிலையை எழுதச் சொல்லுங்கள்: காலையில் எழுந்தவுடன், பயிற்சி முடிந்ததும், மறுநாள் காலையில். வலியின்றி நடக்க இயன்ற பின்னரே, மருத்துவரின் இசைவோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிது நடையும் சிறிது ஓட்டமும். பிறகு படிப்படியாகக் கூட்டலாம். பழைய இடத்தில் வலி தலைகாட்டினால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். வலி மாத்திரையை விழுங்கி ஓடுவது, எச்சரிக்கும் காவலனின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

உணவையும் கவனியுங்கள். உழைப்புக்கேற்ற உணவு இல்லையேல் எலும்பு ஆறாது. ஓடும் பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு தவறுமாயின், கூச்சத்தால் மறைக்காமல் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாவட்டப் போட்டி அடுத்த ஆண்டும் வரும். அதில் ஓட உங்கள் பிள்ளைக்குப் பாதம் வேண்டுமல்லவா?