மட்கும் என்றார்கள், மட்கவில்லை

சென்ற ஆண்டு புக்கிட் ரோத்தானில் அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு குளிர்பானக் குவளையைப் புதைத்து வைத்தேன். ‘மட்கும்’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது. பத்து மாதம் கழித்துக் கத்தரிக்கன்று நடத் தோண்டினால், குவளை அப்படியே வந்தது. “கழுவினா இன்னொரு தடவ தண்ணி குடிக்கலாம் போலிருக்கே” என்றார் அம்மா.

எழுதியிருந்தது பொய்யில்லை; பாதி உண்மை. குவளையின் அடியில் ‘பிஎல்ஏ’ என்று இருந்தது. லாக்டிக் அமிலத்தை நீண்ட சங்கிலியாகக் கோத்துச் செய்யும் பிளாஸ்டிக் அது. அதன் இணைப்புகளைத் தண்ணீர் அறுத்துத் துண்டாக்கினால்தான் நுண்ணுயிர்கள் தின்னும். ஆனால் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே அந்தச் சங்கிலிகள் அசையாமல் விறைத்துக் கிடக்கும். தண்ணீர் உள்ளே போவதே பெரும்பாடு. தொழிற்சாலை உரக்குவியலில் அந்தச் சூடு உண்டு. நம் கொல்லை மண்ணில் ஏது?

நம் சூட்டிலேயே மட்கும் பிளாஸ்டிக் செம்பனையிலிருந்து வரக்கூடும். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நட்டது. (தோட்டத்தின் பெயர் என்னவோ தென்னமரம்!) பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுதேஷ் குமாரும் குழுவினரும் செம்பனை எண்ணெயைப் பாக்டீரியாவுக்கு ஊட்டி, ‘பிஎச்ஏ’ என்ற பிளாஸ்டிக்கை எடுக்கிறார்கள். நம் உடம்பு கொழுப்பைச் சேர்ப்பதுபோல் பாக்டீரியா சேர்த்து வைக்கும் இருப்பு அது. மண்ணில் வாழும் பல நுண்ணுயிர்களிடம் அதை வெட்டும் நொதி ஏற்கெனவே உண்டு.

அதிலும் ஒரு நுட்பம். நான்கு கார்பன் அலகுகளை மட்டும் கோத்தால், சங்கிலிகள் அடுக்கி வைத்த ரப்பர் ஷீட்டுபோல நெருங்கிப் படியும். பிளாஸ்டிக் எளிதில் உடையும். ஆனால் நொதி நுழைய இடுக்குக் குறைவு. மரபணு மாற்றிய பாக்டீரியா, எண்ணெயிலிருந்து ஆறு கார்பன் அலகுகளையும் இடையிடையே கோத்துவிடும். அவற்றின் பக்கக் கிளை துருத்தி நிற்பதால் அடுக்குக் குலைகிறது. பிளாஸ்டிக் வளைகிறது, நொதிக்கும் வழி கிடைக்கிறது.

இத்தகைய பிஎச்ஏ சதுப்புநிலக் காட்டு மண்ணில் எப்படிச் சிதைகிறது என்ற ஆய்வை இக்குழு 2006இல் வெளியிட்டது. நம் ஆற்று முகத்துவாரத்திலும் அதே மாதிரிக் காடுதான். விலை இன்னும் இறங்கவில்லை என்பதுதான் சங்கடம்.

குவளையை அம்மா எறியவில்லை. அடியில் ஓட்டை போட்டு மிளகாய் நாற்று வைத்திருக்கிறார்.